ஹால் டிக்கெட்டின் பின்பக்கம்

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கையில்
தள்ளிவைத்துவிட்டார்கள்.
சேலம் போக எடுத்துவைத்த ஹால் டிக்கெட்
தர்மபுரி ஜி.ஹெச். மூன்றாம் மாடியில்
என் பழைய பரீட்சை அட்டையில் செருகிக் கிடந்தது.
தாள் தீர்ந்த ஒரு ராத்திரி
அதன் முதுகில் எழுதினேன்:
பதினான்காம் கட்டில், மாதையன்,
பாலக்கோடு தக்காளி மண்டி.
எண்பத்தாறு. எண்பத்தொன்று.
குப்புறப் படுக்கவைத்தபின் தொண்ணூறு.

"ஒங்க மூஞ்சியவே பாக்கலியே டாக்டரு."
அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.
வெள்ளைப் பின்னணியில்,
இரண்டு காதும் தெரிய, நான்.
"இது எந்த ஊருக்கு டிக்கெட்டு?"

மயக்கவியல் என்று வாய்வரை வந்தது.
"தெரியலண்ணா. இன்னும் தேதி போடல."

ஆக்ஸிஜன் முகமூடிக்குள் சிரித்தார்.
"வண்டி வரட்டும், நானும் ஏறிக்கறேன்."
எழுபத்தெட்டு.

செப்டம்பரில் புது ஹால் டிக்கெட்.
தொப்பூர் கணவாயில் பஸ் இறங்குகையில்
பையிலிருந்து பழையதை எடுத்தேன்.
சானிடைசர் பட்டு என் முகம் கரைந்திருந்தது.
திருப்பினேன்.
எழுபத்தெட்டுக்குக் கீழே
எழுத நிறைய இடம்.

முன்னால் ஒரு தக்காளி லாரி
பிரேக் போட்டுப் போட்டு
இறங்கிக்கொண்டிருந்தது.
எங்கள் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.