கதவு எண்

பள்ளி செல்லாப் பிள்ளைகள்: இல்லை
என்று முதலில் பென்சிலால் எழுதி
பிறகு அதன்மேலேயே பேனாவை ஓட்டினேன்.
பஸ் ஸ்டாண்டு வார்டு எனக்கு.
நல்ல வெயில்.
கதவு இருக்கிற வீட்டைத்தானே தட்ட முடியும்.

அன்று ராத்திரி
வேப்பனப்பள்ளி பஸ்ஸைத் தவறவிட்டேன்.
விசாரணை அறை பூட்டிக் கிடந்தது.
மாங்கூழ் ஃபாக்டரி வாடை
கிருஷ்ணகிரி முழுக்கப் பரவி
தொண்டையில் பிசுபிசுத்தது.

"குப்பம் வண்டி ஒண்ணு இருக்குக்கா,
கூட்ரோட்டுல எறக்கி உடச் சொல்லு."

தூணோரம் ஒருவன்
நாராகிப்போன மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான்.
போர்டு படிக்கத் தெரியாது.
ஹாரன் தெரியும்.

டீக்கடைக்காரர் தள்ளிப் போடா என்றார்.
ஆந்திரா வண்டி கண்டக்டர் போரா என்றான்.
பெங்களூருக்குப் பெட்டியோடு நின்ற அம்மாள்
ஹோகோ என்றாள்.
மூன்று பாஷையும் அவனுக்கு அத்துப்படி.
மூன்றிலும் ஒரே சொல்தான்,
கஷ்டமில்லை.

பேர் கேட்டேன்.
திம்மராயன். இங்கே பேட்டரி.
பக்கத்தில் தூங்குகிறவள் முனிரத்னா,
தங்கச்சி மாதிரி.
மாங்கனிக் கண்காட்சி ஃப்ளெக்ஸைப் போர்த்தியிருந்தாள்.
அவளைவிடப் பெரிய மாம்பழம் ஒன்று
அவள் மூச்சுக்கு ஏறி இறங்கியது.
'அனைவரும் வரு' வரைக்கும் தெரிந்தது.
'க' காலுக்கடியில் மடிந்திருந்தது.

"வருது" என்றான்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துத்தான்
வெளிச்சம் திரும்பியது.

எழுந்தேன்.
தோள்பை இடப்பக்கமிருந்து
வலப்பக்கம் போயிருந்தது,
அவனுக்கு எட்டாத பக்கம்.
நான் மாற்றவில்லை என்று
சத்தியம்கூடச் செய்வேன்.
கை மாற்றியிருக்கிறது.

அவன் பார்த்தான்.
பார்த்துவிட்டு,
"பின்னாடி ஜிப்பு தொறந்திருக்குக்கா,
ஸ்கேலு எட்டிப் பாக்குது" என்றான்.

ஜன்னலில் உட்கார்ந்து திரும்பினேன்.
காசு கேட்பான் என்று நினைத்திருந்தேன்,
இருபது ரூபாயை மடித்தும் வைத்திருந்தேன்.
அவன் ராயக்கோட்டைக்காரர் ஒருவருக்கு
வழி சொல்லிக்கொண்டிருந்தான்.
அவர் கை
சட்டைப்பையைப் பொத்தியிருந்தது.

டோல்கேட் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தபோது
படிவத்தை வெளியே எடுத்தேன்.
பேனாவின் 'இல்லை'
ரப்பருக்கு அசையவில்லை.
அடித்துவிட்டுப் பக்கத்தில்
இரண்டு என்று போட்டேன்.
கதவு எண் கட்டத்தில்
நடைமேடை நாலு, தூண்.
கம்ப்யூட்டர் ஏற்குமோ என்னமோ.

இரண்டுதானா?

தூணுக்கு அந்தப் பக்கம்
நான் எட்டிப் பார்க்கவில்லை.