கேண்டீன்காரியின் கணக்கு

சுகாதார அதிகாரி வந்த செவ்வாய்க்கிழமை
என் கண்ணாடிப் பெட்டியில் பன்னிரண்டு சோசேஜ் இருந்தது.
குச்சியில் குத்தி, மாவில் முக்கிப் பொரித்தது.
ஒன்று ஒரு வெள்ளி. எனக்கு நிற்பது நாற்பது காசு.
அவர் ஒட்டிய சிவப்பு வட்டம்
என் நெற்றிப் பொட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது.
அதற்குள் கேண்டீன் வாடகை முழுதும் அடங்கிப் போனது.

ஜெலுத்தோங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்குத்
திடல் என்று ஒன்று உண்டு.
பாதியில் ஆசிரியர்களின் கார்கள்,
மீதியில் மழைத் தண்ணீர்.
உடற்கல்விப் பாடவேளையைக்
கணிதம் கடன் வாங்கும், திருப்பித் தராது.
அதற்கு யாரும் வட்டம் ஒட்டவில்லை.

தராசை என் மேசை ஓரத்தில்தான் வைத்தார்கள்.
தரை சமமாக இருப்பது இங்கே மட்டும்தான்.
நான்காம் ஆண்டு முல்லை வரிசையில் வந்தது.
லோகேந்திரன் சப்பாத்தைக் கழற்றினான்,
பிறகு பெல்ட்டை,
பிறகு பையில் கிடந்த சில்லறையை அள்ளி
"அக்கா, கொஞ்சம் பிடிங்க" என்றான்.
மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினான்
காற்றும் கிலோவில் சேரும் என்பதுபோல்.

குமுதவேணி டீச்சர் எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை.
போன வருஷம் சொன்னார்.
ஆகஸ்ட் விடுமுறை வரைக்கும்
அந்த எண்தான் அவனுக்குப் பெயர்.
இந்த முறை பென்சிலால் எழுதி
அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

என் கையில் அவன் காசு, இரண்டு வெள்ளி எழுபது.
சூடாக இருந்தது.
இரண்டு சோசேஜ், ஒரு சிராப்.
எண்ணிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.
அவன் அம்மாவுக்குப் பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட்.
அவள் பஸ் திரும்புமுன் அவன் வேன் கிளம்பிவிடும்.
பசியோடு வந்தவனைப் பசியாற வைத்தேன்.
அதில் பொய்யில்லை.
ஆனால் கவிழ்த்து வைத்த அந்த அட்டையில்
எத்தனை கிலோ என்னுடையது?

அடுத்த வாரம் மாற்றினேன்.
சோளம் அவித்தேன், கொண்டைக்கடலை தாளித்தேன்,
பப்பாளித் துண்டு ஐம்பது காசு,
சிராப்பில் பாதிச் சீனி.
முதல் நாள் மிஞ்சியது பதினெட்டுக் கிண்ணம்.
இரண்டாம் நாள் பதினேழு.
வீட்டில் என் புருஷன் இரண்டு வேளையும் கடலை தின்றார்.
வாயே திறக்கவில்லை,
திறந்தால் இன்னொரு கரண்டி விழும் என்ற பயம்.

கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில்
ஒருவன் வந்து நின்றான்.
கலர் கலராய் ஐஸ், பொரித்த மீன் உருண்டை,
எல்லாம் என் பழைய விலைக்கே.
வெளியே ஒட்ட அதிகாரியிடம் வட்டம் இல்லையாம்.

தலைமையாசிரியரிடம் போனேன்.
கோபமாகத்தான் போனேன்.
வாடகையைக் குறையுங்கள் என்று கேட்க
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவள்
"அந்தக் கார்களை எடுங்க சார்" என்றேன்.
எனக்கே ஆச்சரியம்.

எல்லாக் கார்களும் போகவில்லை. ஏழு போயின.
அந்த ஏழு கார் இடத்தில்
இடைவேளைக்குப் பத்து நிமிஷம் கயிறு சுழல்கிறது.
லோகேந்திரன் உள்ளே குதிப்பதில்லை.
ஒரு முனையைப் பிடித்துச் சுற்றுகிறான்.
சுற்றுகிறவனுக்கும் வியர்க்கத்தான் செய்கிறது.

நேற்று ஒரு கிண்ணம் கடலை வாங்கினான்.
"அக்கா, இது நல்லாவே இல்ல."
"தெரியும்டா."
"சோசேஜ் எப்ப வரும்?"
"வராது."
யோசித்தான். நின்றபடியே தின்று முடித்து
கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுக் கயிற்றுப் பக்கம் ஓடினான்.

இன்று பள்ளி விட்டதும்
மோட்டார் சைக்கிள் பக்கம் நின்றான்.
என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

நாளைக்கு வெங்காயம் இன்னும் பொடியாக நறுக்க வேண்டும்.
சந்தையில் மாங்காய் கிடைத்தால்
அதுவும்.