ஏழு வோல்ட்

மாங்குளம் சந்தி கழிய, துணுக்காய் றோட்டில் என் கராஜ்.
காலமை ஆறேகாலுக்கு லொறியில் கொண்டுவந்து
இறக்கினான் கஜீபன், அந்த வெள்ளைக் காரை.
பின்பக்கம் முழுக்கக் குந்தி,
சேற்றில் படுத்த எருமையாய்
எழும்பமாட்டேன் என்று கிடந்தது.

"அக்கா, பத்தரைக்குப் பொம்பிளை ஏத்தவேணும்,
புதுக்குடியிருப்பில."

சுருள்வில்லைக் கழற்றிப்போட்டுக்
காற்றுப்பை பூட்டியிருக்கிறான்.
ஆர் பூட்டினது என்றேன்.
போனில் வீடியோ பார்த்துத் தானே என்றான்.
கொஞ்சம் பொறுத்து, மச்சானும் உதவி என்றான்.
பழியில் பாதி குறையட்டும் என்று.

குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசினேன்.
ஒரு குமிழி இல்லை.
ஒழுகுவதற்குக் காற்றே வரவில்லை.
பியூஸ் நல்லம்.
சுவிச்சைத் தட்ட றிலே 'டிக்' என்கிறது,
என்ர வேலை முடிஞ்சுது என்று
பைலை மூடும் கந்தோர்க்காரன்போல.
கொம்பிறசர் வாய் திறக்கவில்லை.

சோதனை பல்ப்பை வைத்தேன். எரிந்தது.
அவனுக்குப் புழுகம்: "கறண்ட் வருதுதானே?"
வரும் தம்பி.
சும்மா நிற்கையில் எல்லாருக்கும் பன்னிரண்டு வோல்ட்.
சுமக்கவிட்டுப் பார்க்கவேணும்.

ஐந்து வருசம் முகமாலையில்
முழங்காலில் நின்று மண்ணைத் தடவினவள் நான்.
அங்கே கருவி கத்தினால் அசையக்கூடாது.
சத்தமில்லாத நாள் நல்ல நாள்.
இங்கே மீற்றர் கத்தினால் வயர் முழுசு,
சத்தமில்லையென்றால்தான் எங்கோ அறுந்திருக்கு.
கராஜ் திறந்த முதல் மாதம்
ஒவ்வொரு 'பீப்'புக்கும் கை தானாக நின்றுவிடும்.
"பிள்ளை களைச்சுப்போனியோ" என்பார் ட்ரக்டர்க்காரர் அமிர்தநாதர்.

மோட்டாரின் கறுப்பு வயரில் ஒரு முனை,
பற்றறியின் கழிவு முனையில் மற்றது.
"இப்ப சுவிச்சை அமத்து."
ஏழு தசம் ஒன்று.
திரும்பிவரும் வழியில்
ஏழு வோல்ட் காணாமல் போகிறது.

டிக்கியின் கம்பளத்தைக் கிளப்பி
கறுப்பு வயரின் பின்னால் போனேன்.
புதுப் பெயின்ற்றுக்கு மேலேயே
பளபளவென்று நட்டுப் பூட்டியிருந்தது.
"சுரண்டினால் வடிவு கெட்டிடும் எண்டுதான்..."
வடிவுக்கு மேல் பூட்டினால்
ஏர்த் எப்படிப் பிடிக்கும்?

மண்தாள் எடுத்துத் தேய்த்தேன்,
வெறும் இரும்பு தெரியும்வரை.
தன் தோலை உரிக்கிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
இறுக்கி, கிறீஸ் தடவி, "அமத்து."

கொம்பிறசர் உறுமியது.
இடப்பக்கம் கொஞ்சம் முந்தி, பிறகு வலம்,
பின்பாகம் மெல்லக் கிளம்பியது.
எருமையும் பின்னங்காலைத்தான் முதலில் ஊன்றும்.

மூவாயிரம் கேட்டேன். இரண்டு தந்தான்,
மிச்சம் கலியாணம் முடிய.
படலையில் நிறுத்தி
ஒருக்கா இறக்கி, ஒருக்கா ஏற்றி
எனக்குக் காட்டிவிட்டுப் போனான்.
ஒட்டுசுட்டான் றோட்டில் உந்த விளையாட்டு வேண்டாம்
என்று கத்தினது கேட்டிராது.

மத்தியானம் புட்டுக் குழைக்கையில் பார்த்தேன்,
கட்டைவிரல் நகத்துக்குள்
வெள்ளைப் பெயின்ற்.