பயற்றம் பாத்தியின் எல்லைகள்

காணிக் கந்தோரில் பகல் முழுதும்
மற்றவர்களின் வேலிகளோடு மல்லுக்கட்டிவிட்டு
ஐந்தரைப் பஸ்ஸில் இறங்கி
உவர்மலை ஏற்றத்தை மூச்சு வாங்க ஏறி வந்தால்
என் வளவுக்குள்
அனுமதிப்பத்திரம் இல்லாத ஒரு குடியேற்றம்.

பயற்றங்கொடியின் கீழே மண் பொருமியிருந்தது.
கால் வைத்ததும் சுருக்கென்றது.
செருப்பைக் கழற்றி உதறுவதற்குள்
கணுக்கால் வரை மனு எழுதி முடித்துவிட்டன.

மதிலுக்கு அப்பால்
பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளைக் காயப்போட்டபடி
ஜெஸீமா சொன்னா:
"மருந்து கிருந்து அடிச்சிராதீங்க, கிணறு பக்கத்துல.
சாம்பலத் தூவுங்க. போயிரும்."

தூவினேன்.
ஆடி மாதம், கச்சான் காற்று.
சாம்பல் போயிற்று,
அந்த வெள்ளைச் சட்டைகளுக்கு.
எறும்பு இருந்தது.

பிறகு மஞ்சள்.
அந்தக் காசுக்கு ஒரு கிலோ சூடை வாங்கியிருக்கலாம்.
நில அளவையாளர் மாதிரிக் குந்தியிருந்து
பாத்தியைச் சுற்றிக் கோடு கீறினேன்:
வடக்கே மதில், தெற்கே கிணறு,
மேற்கே முருங்கை,
கிழக்கே யாருடையதென்று
எனக்கே சரியாகத் தெரியாது.

முதல் எறும்பு கோட்டடியில் நின்றது.
மீசையால் மணந்து பார்த்தது.
திரும்பிப் போயிற்று.
எனக்குப் பதவியுயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

விடியப் பார்த்தால்
உதிர்ந்த முருங்கைக் காம்பொன்று
மஞ்சளுக்குக் குறுக்கே கிடக்கிறது,
அதன் மேலால் இரு திசையிலும் போக்குவரத்து.
கிண்ணியாவுக்குப் பாலம் வரும்வரை
எத்தனை காலம் பாதைப் படகுக்குக் காத்து நின்றோம்.
இவைக்கு ஓரிரவு போதும்.

கறுவாத்தூள், தேசிக்காய்த் தோல், கோப்பிச் சக்கை,
கந்தோரில் பிரியங்கனி சொன்ன எல்லாம் போட்டேன்.
பாத்தி கலியாண வீட்டுக் குசினி மாதிரி மணத்தது.
விருந்தாளிகள் கூடினார்கள்.

ஒருநாள் பின்னேரம், கந்தோரில் யாரோ கத்திவிட்டுப் போன கோபத்தில்,
கேத்தலோடு போனேன்.
ஒரே ஊற்று.

மேலே வந்தவை எல்லாம்
வாயில் வெள்ளையாய் ஏதோ கவ்விக்கொண்டு வந்தன,
அரிசிக் குறுணலிலும் சிறிதாய்.
வேறொன்றையும் எடுக்கவில்லை.
தம்பியை அம்மா அப்படித்தான் தூக்கிக்கொண்டு
கடற்கரைப் பக்கம் ஓடினா.
அது வேறு கதை.
ஒரு மண்புழு வெந்து கிடந்தது.
கேத்தலில் பாதி மிச்சம்.
உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்,
குடிக்கவில்லை.

பிறகு ஒரு கிழமை பாத்திப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
கொடி நுனி சுருண்டிருக்கிறதே என்று இலையைப் புரட்டினேன்.
கடுகு ஒட்டிவைத்த மாதிரி அழுக்கணவன்.
ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எறும்பு
தட்டித் தடவி, ஒரு துளி வாங்கிக் குடித்து,
அடுத்ததுக்கு நகர்கிறது.
தம்பலகாமத்து எருமைப் பட்டியேதான்.
இத்தனை நாளும் நான் சண்டை பிடித்தது
மேய்ப்பவர்களோடு.
மாடு நின்றது என் கொடியில்.

சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்த வாளித் தண்ணீர்,
அதற்குள் வேப்பெண்ணெய் இரண்டு கரண்டி,
மூன்றாகவும் இருக்கலாம்.
வெயில் சாய்ந்தபின், இலையின் அடிப்பக்கம்.
மூன்று மாலை.
இளங்கொடி இரண்டு கருகிப் போயிற்று.
நாலாம் நாள்
பொருமிய மண்ணைக் குச்சியால் கிளறினேன்.
ஆளில்லை.
வெற்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

மிஞ்சிய கொடியில் காய்த்ததில் ஒரு பிடி
மதிலுக்கு மேலால் நீட்டினேன்.
ஜெஸீமா உடனே வாங்கவில்லை.
"ஒங்கட ஆக்கள்" என்றா,
"நேத்திலருந்து எங்கட கத்தரியில."
விரலால் மதில் வெடிப்பைக் காட்டினா.
உறுதியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை,
ஒற்றை வரிசை, அவசரமே இல்லாமல்.

வேப்பெண்ணெய்ப் போத்தலை எடுக்க உள்ளே போனேன்.
பாதிக்கு மேல் இருக்கிறது.
கொடி கருகியதையும் சொல்ல வேண்டும்.