வியாழக்கிழமைக் கோடு

வீரவநல்லூரில் எனக்கு விடிவது
மணிக்கட்டில்தான்.
பால்காரர் போய், முதல் பஸ்
வளைவில் ஹாரன் அடித்த பிறகும்
விரல்கள் மடங்கியே கிடக்கும்,
பிரிக்காத துணிக்கட்டு மாதிரி.
வெந்நீர்ச் சட்டியில் முக்கி
ஒவ்வொன்றாக எழுப்புவேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்:
உடம்பைக் காக்க இருக்கிற படை
மூட்டைப் பகையென்று நினைத்துவிட்டதாம்.
எனக்கு எங்கள் கொடைதான் ஞாபகம் வந்தது.
வேட்டைக்குப் போன மாடன் வழிதப்பி
வல்லயத்தோடு வீட்டுக்குள்ளேயே இறங்கினால்
யாரிடம் போய்ச் சொல்ல?

மஞ்சள் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட்.
அந்தப் பேர் நாக்கில் நிற்கவே
நாலு மாசம் ஆச்சு.
வாரத்தில் ஒரே நாள், ஆறு.
"தெனமும் போட்டா ஆபத்தும்மா,
கெழமைய மட்டும் மறந்துராதீங்க."
சீட்டில் வியாழன் என்று எழுதி
சிவப்பு மையில் ரெண்டு வட்டம்.

போட்டதும் தையல் மிஷின் பலகையில்
சாக்கட்டியால் ஒரு கோடு.
வெள்ளி முழுக்கக் குமட்டல்,
உளுந்தங்களி வாசம்கூட ஆகாது.
சனிக்கிழமை ஃபோலிக் மாத்திரை. சீப்பில் முடி.
ஆனாலும் சில மாசத்தில்
ஊசியில் நானே நூல் கோத்தேன்,
பாவாடைக்கு நாடா நானே நுழைத்தேன்.
ரத்தம் எடுக்கிற பெண்
"ஈரல் நல்லாருக்குக்கா" என்பாள்.
என்னைப் பற்றி மாமியார் வீட்டில்
அப்படி ஒரு நல்ல வார்த்தை யாரும் சொன்னதில்லை.

நூற்றி நாலாவது கோட்டோடு
பலகையைத் துடைத்தேன்.

"பிள்ளைக்குப் பாக்கணும்னா இத நிறுத்தணும்.
நிறுத்தி மூணு மாசம் பொறுக்கணும்.
அதுவரைக்கும் வேற தாரேன்,
இவ்வளவு கேக்காது."

நயினார் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை.
பேட்டை தாண்டியதும்
என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு
கண்டக்டருக்கு ஒற்றைக் கையால்
சில்லறை எண்ணிக் கொடுத்தார்,
ரெண்டு ரூபாய் கூடுதலாகவே.

இது ஒன்பதாவது வியாழன்.
மாடன் திரும்பிவிட்டான்.
நடுவிரல் கணு நெல்லிக்காயாக வீங்கியிருக்கிறது.
நாலு மணிக்கே வெந்நீர் வைக்கிறேன்,
ஆறு மணிக்காவது கத்தரி பிடிக்க.
எட்டுப் பாவாடை தைத்த நாளில் இப்போது மூணு.
"வலிக்கா?"
"வலிக்கி."
அதற்கு மேல் ரெண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை.

சாக்கட்டியை நான் தொடவில்லை.
மாத்திரை போடாத வியாழனுக்கு
எதற்குக் கோடு?

கதவுக்குப் பின்னால், காலண்டர் மறைவில்,
பென்சிலில் ஒன்பது கோடு இருக்கிறது.
அது என் கை இல்லை.
பெருக்கும்போது
காலண்டரை அசைக்காமல் பெருக்குகிறேன்.