நீலப் பலகையில் என் பவுசர்

ஊருக்குள் திரும்பும் வளைவில்
நீலப் பலகை.
அதில் வெள்ளையாய் ஒரு பவுசர்,
சில்லுகளுக்குக் கீழே அலைகள்.
நீர்க்காப்புப் பகுதி என்று எழுதியிருக்கும்.
பதினோரு வருடமாக இந்தப் பாதையில்
வீட்டு வீடாய் ஹீட்டர் எண்ணெய் ஊற்றுகிறேன்.
வேறெந்தத் தொழிலாளியையும்
இப்படிச் சந்திக்குச் சந்தி படம் போட்டு
'வாறான், கவனம்' என்று
தண்ணீருக்கு அறிவித்து நான் கண்டதில்லை.

ஃபோகல்ஸ்பெர்க்கில்
மழை மலைக்குள் இறங்கிவிடுகிறது,
எப்போதோ ஆறிய எரிமலையின்
கருங்கல் வெடிப்புகள் வழியே,
அவசரமே இல்லாமல்.
அங்கே பிராங்க்பர்ட்டில்
குழாயைத் திறந்துவிட்டுப் பல் தீட்டியபடி
போன் பார்க்கிற ஒருத்தருக்காக.

கடைசி வீடு, இர்ம்கார்ட் டீல் அம்மையாருடையது.
மூவாயிரம் லிட்டர் கேட்டிருந்தார்.
இரவு மைனஸ் இரண்டு என்றது வானொலி.

ஹோஸை இழுக்கும் முன்
நிலவறைக்கு இறங்கிப் பார்ப்பேன்.
இறங்காதவர்களும் உண்டு.
மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது.
டோர்ச் அடித்தேன்.
தொட்டியின் அடிவிளிம்பில்
விரித்த கை அளவு கருமை.
சீமெந்தில் மயிரிழையாய் ஒரு வெடிப்பு
அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்
குடித்துக்கொண்டிருந்தது.

"அது எப்பவும் அப்படித்தான்.
என் மனுசன் இருந்த காலத்திலேயே."

"நிரப்ப ஏலாது, அம்மா."

"அப்ப இரவுக்கு?"

இரவுக்கு என்னிடம் பதில் இல்லை.
பயிற்சி வகுப்பில் தந்த கணக்குத்தான் இருந்தது:
ஒரு லிட்டர் எண்ணெய்க்கு
பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் பாழ்.
சொன்னேன்.
கணக்கைப் போர்த்திக்கொண்டு
யாருக்கும் குளிர் விட்டதில்லை.

"எந்தத் தண்ணீர்? எங்கே?"
கோட்டின் பொத்தானைப் பூட்டியபடி
தரையைப் பார்த்தார்.

நியாயமான கேள்வி.
ஆறு என்றால்
செத்த மீன் மிதந்து காட்டிக்கொடுக்கும்.
இது வாய் திறக்காது.
பொறுத்துப் பொறுத்து
ஒருநாள் யாரோ ஒருவரின் தேநீரில்
வந்து சொல்லும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் என்று
சேதி வந்த வருடம்
அக்கா போனில் சிரித்தாள்:
"வாளிக்குள்ள வானவில்லடா."
பிறகு சிரிக்கவில்லை.
அதை இந்த அம்மையாரிடம் சொல்ல
என் ஜெர்மன் போதாது.
போதியிருந்தாலும்
சொல்லியிருப்பேனோ தெரியாது.

முதலாளி க்ராட்ஸ் போனில் முணுமுணுத்தார்,
படம் அனுப்பச் சொன்னார்,
"ஊற்றாதே" என்றார்.
நீர் அலுவலகத்தில் இசை கேட்டுக்கொண்டே
பன்னிரண்டு நிமிடம் நின்றேன்.

திரும்பிப் பார்த்தால்
கேக் சுடும் தட்டு ஒன்றைக்
கசிவின் கீழே தள்ளிக்கொண்டிருந்தார் அம்மையார்.
மண்டியிட்டு,
மூச்சு வாங்க.
பூனைக்கு வாங்கிய மணல் பையைக் கிழித்து
வெடிப்பின் மேல் கொட்டினார்,
ஒரு கையால் பரவி விட்டார்.
"இனிப் பூனை எங்கே போகும்?"
என்னைத்தான் கேட்டார்,
கோபமாய்.

பிறகு லவுட்டர்பாக்கில் இருக்கும் மகளிடம் கதைத்தார்.
இரவு அங்கே தங்கப் போகிறாராம்.
அந்த உரையாடலில் என் பேர்
'எண்ணெய்க்காரன்'.
தயாளராசன் என்று சொல்லியிருக்கலாம்,
பில்லில் போட்டிருக்கிறது.

மூவாயிரம் லிட்டரும் முதுகில் தளம்ப
அதே வளைவால் திரும்பினேன்.
பலகையின் பின்பக்கம்
வெறும் சாம்பல் நிறம்.

இதையும் எழுதத்தான் வேண்டும்.
போன ஆனியில் பல்கனிக் கம்பிக்கு
பச்சை பெயிண்ட் அடித்தேன், ஒஃபன்பாக்கில்.
முடிந்ததும் பிரஷ்ஷை டின்னரில் அலசி
பின்முற்றத்துச் சரளைக்கல்லில்
ஊற்றிவிட்டுக் கை கழுவினேன்.
அங்கே பலகை இல்லை.

மிச்ச டின்னர்
ஜாம் போத்தலில் இருக்கிறது,
மூடி இறுக்கி, கதவடியில்.
நச்சுக்கழிவு வண்டி சனிக்கிழமை வரும்.
போகவர அதைத் தட்டிவிடாமல்
கால் எடுத்து வைக்கிறோம்
வீட்டில் எல்லோரும்.