மாற்றாதவர்களுக்கு

வண்ணார்பேட்டையில் டயர்க்கடைக்கு மேலே அறை.
ஃபேன் மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்,
மற்ற எண்களில் யோசிக்கும்.
நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை.
விஷயம் சின்னது:
'மடை' என்கிற எங்கள் மென்பொருள்
தன் நாட்குறிப்பை எதைக் கொண்டு எழுதவேண்டும்?

மடை யாருக்கும் சொந்தமில்லை,
யாரும் எடுத்துக்கொள்ளலாம்.
வாய்க்கால் தலைப்புகளில் நீர்மட்டம் படிக்கும்,
படித்ததை எழுதும்.
படிக்க முடியவில்லை என்பதையும் எழுதவேண்டும்.
போன ஐப்பசியில்
நாற்பத்தோராயிரம் முறை 'நலம்' என்று எழுதி
வட்டு நிரம்பி
நலமில்லை என்று எழுத இடமில்லாமல் போயிற்று.
விடிந்தபோது கோடகன் கரையில்
இரண்டு வயல் வாழை படுத்திருந்தது.
யாரும் எங்களைத் திட்டவில்லை.
சும்மா கொடுத்ததை யார் திட்டுவார்கள்?
அதுதான் உறுத்தியது.

எழுதிக்கொண்டிருந்த லைப்ரரி நான் வைத்தது.
மூன்று வருடம் முன்பு
எங்கோ ஒரு மாதிரி நிரலில் கிடந்ததை நகலெடுத்தேன்.
தேர்வு என்று அதைச் சொன்னால் அதிகம்.

செல்வின் கொண்டுவந்தது வேகமானது.
அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி,
இயந்திரம் படிக்கத் தோதானது.
"பின்னால தேடணும்னா இதாம்ல" என்றான். உண்மைதான்.
ஆனால் அதைக் கூப்பிட்டால்
கூடவே பதினேழு பேர் வேனில் வந்து இறங்குகிறார்கள்.
அதில் ஒருவரை
பெண் வீட்டுக்கும் தெரியவில்லை, மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியவில்லை.

ஹசீனாவுடையது வண்ணம் போடும்.
எச்சரிக்கை மஞ்சள், பிழை சிவப்பு.
அவள் மடிக்கணினியில் பார்த்தால்
பிழை வரட்டும் என்றே ஆசையாக இருக்கும்.
அணைக்கட்டின் பழைய திரையிலோ
சிவப்பு என்பது தலைவால் இல்லாத எண்களாக வந்து விழுந்தது.

மூன்றாவது, மொழியோடே வருவது.
இலையில் கேட்காமல் வைக்கிற உப்பு.
அழகில்லை. அமைக்கப் பதினாறு வரி.
அதற்கு எதிராக நான் இரண்டு மணி நேரம் பேசினேன்.

இடையில் அரியநாயகிபுரம் லஸ்கர் மாலையம்மாள்
ஒரு படம் அனுப்பினாள்.
"மேடம், கோடகன்னு வரவேண்டிய இடத்துல
ஆறு கேள்விக்குறி நிக்கி.
மெஷின் எங்கிட்ட என்னதான் கேக்கு?"
இன்னொன்றும் கேட்டிருந்தாள்:
ராத்திரி ஒன்றரைக்கு நடந்ததை
எட்டு மணி என்று எழுதுகிறதே, அது எந்த ஊர் எட்டு?

பேச்சு நின்றது.
மூன்றிடமும் 'கோடகன்' எழுதச் சொன்னோம்.
செல்வினுடையது ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக்கி ஒளித்தது.
ஹசீனாவுடையது எழுதியது, வண்ணக் குப்பைக்கு நடுவே.
அவலட்சணம், ஒரு வரி கூடுதலாகச் சொன்னதும்,
கோடகன் என்றது.
இன்னொரு வரிக்கு நம்மூர் நேரமும் சொன்னது.

இசக்கிராஜ் அதுவரை வாய் திறக்கவில்லை.
சால்னா பையின் முடிச்சோடு மல்லுக்கட்டியபடி சொன்னான்:
"மாத்தத் தெரிஞ்சவன் எத வச்சாலும் மாத்திக்கிடுவான்.
அந்தக்கா மாத்தாது."

முடிந்தது.
வேண்டியவர்கள் வேறு பூட்டிக்கொள்ள ஒரு கொக்கி விட்டோம்.
அதைச் செல்வினே எழுதினான்,
கோபமாக, நன்றாகவும்.
'நலம்' என்கிற வரியை அடியோடு எடுத்தோம்.
நலமாயிருந்தால் பேசாமல் இருக்கட்டும்.
இது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெரியாது:
பேசாமல் இருப்பதும் செத்துக் கிடப்பதும்
தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும்.
அதற்கு ஆறு மணிக்கொரு வரி போதும் என்றாள் ஹசீனா.

வியாழன் இரவு வந்தது:
01:40 கோடகன் தலைப்பு. படிக்க முடியவில்லை. மூன்றாம் முறை.
பிறகு மாலையம்மாளின் செய்தி:
"ஒயர எலி கடிச்சிருக்கு. சுத்தி ஒட்டிட்டேன்."
பிறகு நாட்குறிப்பில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதை
இரண்டு தரம் திறந்து பார்த்துவிட்டுப் படுத்தேன்.